எருமையின் ஈரக் குளம்படி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ரூபாவதி அக்கா. என் மூத்தவள் பிறந்த வாரம், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். கேளுங்கள் பிள்ளைகளே.

ஒரு காட்டில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்த வருஷம் கோடை கடுமை.

"வருகிறவர்கள் எல்லாரும் குடித்தால் ஆறு என்னத்துக்கு ஆகும்? பள்ளத்தாக்குக்கு எல்லை போட வேண்டும்" என்றது நரி.

தலைவியான எருமை காட்டு வழக்கப்படி எல்லை போட்டது. ஆற்றில் இறங்கி நனைந்து, கரையேறி, மேட்டைப் பார்த்து நடந்தது. ஈரக் குளம்படி எந்த இடத்தில் மண்ணில் தெரியாமல் போகிறதோ, அதுதான் எல்லை. அதற்குள் இருப்பவர்களுக்கே தண்ணீர்.

நாற்பதாவது அடியில் ஈரம் காய்ந்துவிட்டது. சருகுமானின் புதர் ஐம்பதாவது அடியில் இருந்தது.

"அக்கா, என் குட்டிக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. நேற்றுவரை நானும் பள்ளத்தாக்குக்காரிதானே?" என்றது சருகுமான்.

"நேற்று நேற்றோடு போச்சு, தங்கச்சி. மேட்டுக்காரிக்கு ஆறு எதற்கு?" என்று சிரித்தது நரி.

எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சருகுமான் குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைமேல் போய்விட்டது.

நரி ருசி கண்டுவிட்டது. "தினமும் அளக்கலாம், அக்கா" என்றது. வெயில் ஏற ஏற எல்லை சுருங்கியது. முயல் போனது. பன்றி போனது. ஒருநாள் எருமையின் குளம்படி மூன்றாவது அடியிலேயே காய்ந்தது.

எருமை நிமிர்ந்து பார்த்தது. அதன் கன்று படுத்திருந்த மரம் பத்தடி தள்ளி நின்றது. நரியின் வளையும் வெளியேதான்.

தண்ணீரிலிருந்து முதலை தலையைத் தூக்கியது. "ஆக, பள்ளத்தாக்கில் நான் ஒருத்தன்தான். உங்கள் சட்டம்தானே? எல்லை தாண்டி வருகிறவர் எனக்குச் சாப்பாடு."

நரி பின்வாங்கியது. கன்று தாகத்தில் கத்திய பிறகுதான், எருமை அதைக் கூட்டிக்கொண்டு மலை ஏறியது.

மேலே ஒரு மரத்தின் வேரடியில் சருகுமான் குளம்பால் பறித்த குழி. அதில் நீர் ஊறிக் கிடந்தது. எருமை தலை குனிந்து நின்றது.

"நிற்காதே அக்கா. முதலில் பிள்ளை குடிக்கட்டும்" என்றது சருகுமான்.

கன்று குடித்தது. மிச்சத் தண்ணீர் சரிவில் மெல்ல வழிந்தது.

"இது எங்கே போகிறது?" என்றது எருமை.

"ஆற்றுக்குத்தான். இங்கிருந்து போகாமல் ஆறு வேறு எங்கிருந்து வரும்?"

எருமை மலை உச்சியைப் பார்த்தது. அவ்வளவு தூரமும் பள்ளத்தாக்காகத்தான் இருந்திருக்கிறது.

நீதி: அடுத்தவரை வெளியே நிறுத்த எல்லை போடுகிறவர், ஒருநாள் தாமும் வெளியே நிற்பார்.

இன்று ஜெபிக்கும்போது, மேட்டில் குடியிருப்பவர்களையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.