செருப்புப் பாறை

சாய்ந்தான் மலையின் உச்சிக்குப் போக ஊரார் அறிந்த பாதை ஒன்றே ஒன்று. திருமேனிக்கு அது பிடிக்காது. எல்லாரும் போகிற வழியில் போவதற்கு மலை எதற்கு, ரேஷன் கடைக்குப் போனால் போதாதா என்பார்.

தென்காசியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் அவர். மனைவி போனபிறகு கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் உலகம்மையார் நடத்திவந்த சிறிய மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மையார் அவரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் அவரைக் குருவாக ஏற்று, "அம்மா" என்றே அழைத்தார். வரும்போது ஒரு துணிப்பையும், சிப்பாய் என்கிற செவலை நாயும் கூட வந்தன.

மற்றச் சீடர்கள் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார்கள். திருமேனி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும்.

"அவருக்கு நடந்தாத்தான் மனசு நிக்கும். நடக்கட்டும்" என்று அம்மையார் விட்டுவிட்டார்.

அப்படித்தான் புதுப் பாதைகள் கிடைத்தன. வறண்ட ஓடைக்குள் இறங்கி, மேலே பிரம்புப் புதர் கூரை போட்டிருக்க, அரை இருட்டில் நடக்கிற பாதை ஒன்று. இடிந்த ஏலக்காய்க் கொட்டகைக்குப் பின்னால், கரடி கிளறிப்போட்ட புற்றுகளுக்கு நடுவே வளைந்து ஏறுவது இன்னொன்று. பெரிய பாறை ஒன்றின் அடியில் தவழ்ந்துபோய் அந்தப் பக்கம் எழுந்தால் மேகம் முகத்தில் மோதும், அப்படியும் ஒரு பாதை. எல்லாமே சிப்பாய் மோந்து மோந்து கண்டவை. அது முன்னால் போய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், இவர் மூச்சு வாங்கப் பின்னால் போய்ச் சேருவார். மடத்துக்கு வந்து, "இன்னைக்கு நான் ஒரு பாதை கண்டுபிடிச்சேன்" என்று சொல்வது மட்டும் இவர். சிப்பாய் அதற்கெல்லாம் வழக்குக்கு வரவில்லை.

எந்தப் பாதையில் ஏறினாலும் கடைசியில் செருப்புப் பாறைக்குத்தான் வரவேண்டும். உச்சியில் இருக்கிற சாமிக்கல்லைக் கும்பிடப் போகிறவர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நாயும் அதற்குமேல் போகக்கூடாது. கும்பிட்டுவிட்டு, போன வழியே இறங்கிவந்து செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். மலையின் வழக்கம் அது.

திருமேனி செருப்பைக் கழற்றி வைப்பார். "சிப்பாய், இரு, வாரேன்" என்பார். அது செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அவர் வரும்வரை அசையாது. அந்தக் கீழ்ப்படிதலில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு சாரல் காலத்தில் அப்படித்தான் "இரு, வாரேன்" என்றுவிட்டு மேலே போனார். கல்லைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது, உச்சியை மூடியிருந்த மஞ்சு விலகி, மேற்குச் சரிவில் புல்லுக்கு நடுவே ஒரு தடம் தெரிந்தது. யாரும் சொல்லிக் கேட்டிராத தடம். கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினார். தடம் விட்டால்தானே. ஒரு அருவிக்குப் பின்புறமாகவே அது போயிற்று. தண்ணீர்த் திரைக்கு உள்பக்கம் நின்று பார்த்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மலையின் மறுபக்கத்துக்கே இறங்கிவிட்டார்.

அங்கே காலில் முள் குத்தியது. ஐயோ, செருப்பை விட்டுவிட்டோமே என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் சிப்பாய் நினைவு வந்தது.

திரும்பி ஏறப் பார்த்தார். அதற்குள் மழை கொட்டி, கடந்துவந்த ஓடையில் வெள்ளம் புரண்டுவிட்டது. அந்தப் பக்கத்து எஸ்டேட் ஆட்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். சுற்றிப்போகிற ரோட்டிலும் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. மழை ஓய்ந்து, அடித்துப் பிடித்துக்கொண்டு அவர் செருப்புப் பாறைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகிவிட்டன.

சிப்பாய் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. உடம்பு விறைத்திருந்தது. நாலடி தள்ளி மழை படாத ஒரு குகை இருந்தும் அது அதற்குள் போயிருக்கவில்லை.

அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவர், பிறகு மலைப்பக்கமே போகவில்லை. எல்லாரோடும் சேர்ந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். குறட்டை வரவில்லை. "திருமேனி அண்ணாச்சி பக்குவப்பட்டுட்டாரு" என்று மற்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். சாப்பாட்டு இலையில் பாதிச் சோறு அப்படியே கிடப்பதை அம்மையார் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சாரல் தொடங்கியபோது ஒரு நாள் திருமேனி அம்மையார் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"கடைசியில சிப்பாய்ப் பய என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்?"

"நீரு என்ன நினைக்கீரு?"

"நம்பவச்சு விட்டுட்டுப் போயிட்டான் பாவின்னு நினைச்சிருப்பான். கண்ணை மூடுனா அதுதாம்மா கேக்குது. அது அடங்காம எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்க மாட்டேங்குது. அவன் நினைச்சது தெரியாமலே நானும் செத்துப்போவேனோன்னு பயமா இருக்கு."

அம்மையார் மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாரும். மலைக்குப் போவோம்."

திருமேனி ஊர்ப்பாதைப் பக்கம் திரும்பினார்.

"அது வேண்டாம். அவன் கண்டுபிடிச்ச பாதையில கூட்டிட்டுப் போம்."

ஓடைக்குள் இறங்கினார்கள். இத்தனை தடவை நடந்த பாதை அது. ஆனாலும் பாதை இரண்டாகக் கவை பிரிகிற இடத்திலெல்லாம் அவர் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அவர் ஒரு நாளும் பார்த்துவைக்கவில்லை. வாலைப் பார்த்துக்கொண்டே போய்ப் பழகியவர். அம்மையார் அவசரப்படுத்தவில்லை. தட்டுத் தடுமாறி ஒருவழியாகச் செருப்புப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். குழியின்மேல் புல் முளைத்திருந்தது.

அம்மையார் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"இங்கேயே இரும், வாரேன்" என்று சொல்லிவிட்டு உச்சிக்கு ஏறினார். மஞ்சு அவரை மறைத்துவிட்டது.

திருமேனி செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கும்பிட்டுவிட்டு வர என்ன பெரிய நேரம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். நேரம் போயிற்று. மேலே ஒரு கல் உருண்டது. அம்மாதான் என்று எழுந்து நின்றார், அம்மா இல்லை. புதர் அசைந்தது. மறுபடியும் எழுந்தார், குரங்கு. வெயில் உச்சிக்கு வந்து, மஞ்சுக்குள் மறைந்து, சாரல் பிடித்துக்கொண்டது. குகையைப் பார்த்தார். எழுந்து போக மனசு வரவில்லை. நனைந்துகொண்டே இருந்தார்.

"அம்மா!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. மேலே பாறையெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்தது. தேடிப்போகலாமா? இங்கேயே இரு என்றல்லவா சொன்னார். போன நேரத்தில் அவர் வந்துவிட்டால்? இரண்டு எட்டு வைப்பதும், திரும்பிவந்து உட்காருவதுமாக இருந்தார். பசித்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மஞ்சுக்குள் ஓர் உருவம் தெரிந்தது. அம்மையார் சொட்டச் சொட்ட நனைந்து இறங்கிவந்தார். திருமேனி சாமிக்கல்லின் எல்லையை மறந்து காலில் செருப்போடு எதிரே ஓடினார்.

"அம்மா, ஒண்ணும் ஆகலையே? வழுக்கிட்டா? கால்ல அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கென்ன. கல்லுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்."

"பகல் பூராவா?"

"பகல் பூராவும்தான். நீரு இங்க என்ன நினைச்சுக்கிட்டு இருந்தீரு?"

"பாறையில விழுந்துட்டீங்களோ, கரடி கிரடி வந்துட்டோன்னு உசுரே இல்லம்மா எனக்கு."

"நான் உம்மை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைக்கலையா?"

"அது எப்படிம்மா தோணும்? வாரேன்னு சொல்லிட்டுல்லா போனீங்க."

"குகை பக்கத்துலதானே இருக்கு. ஏன் நனைஞ்சீரு?"

"நான் உள்ள போயிட்டா, நீங்க வந்து பாத்து, ஆளைக் காணுமேன்னு தவிச்சிருவீங்கள்லா…"

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். குகையைப் பார்த்தார். புல் முளைத்த குழியைப் பார்த்தார். சாரல் அதன்மேல் பெய்துகொண்டிருந்தது.

அவர் அந்த ஈரப் புல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கடைசி மூச்சுவரை அவருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு ஜீவன் பதறிக்கொண்டு கிடந்திருக்கிறது. அது காத்துக்கிடக்கத் தொடங்கிய நேரத்தில் அவரோ அருவிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் வாய்விட்டு அழுதார்.

"பாவின்னு திட்டியிருந்தா எவ்வளவோ தேவலையேம்மா" என்றார். "அதைத் தாங்கிக்கிட்டிருப்பேன்."

அம்மையார் செருப்பை மாட்டாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதனாலதான் இத்தனை நாளும் அவன் திட்டுனதாவே வச்சுக்கிட்டீரு."