ராயரின் அரைச் சவரம்

"கெட்ட காலம் வருதுன்னு தெரிஞ்சா, முதல்ல களஞ்சியத்தை…"

பெரிய ராயர் கண்மூடுவதற்கு முன் சொன்ன பேச்சு இது. முழுசாகத்தான் சொன்னார். மகன் எட்டியப்ப ராயருக்கு முன்பாதிதான் ஞாபகம் நின்றது. "பூட்டு என்றுதான் சொல்லியிருப்பார், வேறென்ன?" என்று பின்பாதியை அவரே போட்டுக்கொண்டார்.

அடுத்த சீமையில் நாணயம் செத்துவிட்டது, ஒரு பை காசுக்கு ஒரு கை உப்புதான் என்று குதிரை வியாபாரி ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். போதாதா? பொன்வயல் கோட்டையில் அன்றே அமளி. சந்தை மூலையில் இருந்த களஞ்சியம் கோட்டைக்குள் வந்தது. சந்தையிலிருந்த உப்பு, புளி, மிளகு எல்லாம் பின்னாலேயே வந்தன. அரண்மனை வாங்க வாங்க விலை ஏறியது. விலை ஏற ஏற, "பார்த்தீரா, நான் சொன்னேனே!" என்று ராயர் இன்னும் வாங்கினார். வாங்கி முடித்ததும், இனிமேல் காசு செல்லாது என்று தண்டோராவும் போட்டார்.

ராணி வடிவுநாச்சியின் கட்டிலுக்கு அடியில் நாரத்தங்காய் ஊறுகாய் நாற்பது ஜாடி. ஊஞ்சலில் வெல்லம். யானைக் கொட்டகை முழுக்கப் பூசணிக்காய். யானை மழையில் நின்றது.

ராயரின் ஆலோசகர் கூத்தபிரான் வீட்டில் நாலு நாளாக உப்பில்லாத குழம்பு. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் ராயர் அடுத்துச் சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஊரில் இருக்கிற விதைநெல்லையும் அள்ளி வரச் சொல்லிவிட்டேன் ஓய். மூன்று வருஷத்துக்கு அரண்மனைக்கு என்னென்ன வேண்டும், பட்டியல் போடும். ஒன்று குறைந்தாலும் நீர் இந்தச் சீமையில் இருக்கக் கூடாது."

விதைநெல் போனால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் ஊரே இல்லை. கூத்தபிரான் பட்டியல் எழுதிக் கொண்டுவந்தார்.

ராயர் ஓலையை வாசித்தார். முகம் சுருங்கியது.

"நெல் குத்துகிறவர்கள் எட்டுப் பேர், பால் கறக்கிறவர், வண்ணார், நாவிதர் மருதையன்… என்ன ஓய் இது? பண்டத்தை எழுதச் சொன்னால் அதோடு ஊரையே எழுதியிருக்கிறீர்! மூன்று வருஷம் இவர்கள் வாயை யார் நிரப்புவது?"

எழுத்தாணியை வாங்கி ஒவ்வொரு பெயரையும் தம் கையாலேயே கீறித் தள்ளினார்.

"மகாராஜா கீறினால் சரி" என்றார் கூத்தபிரான். "விதைநெல் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாமா? நாளைக் காலை மணி அடித்ததும் கோட்டைக் கதவை மூடுவோம். மூன்று நாள். கெட்ட காலம் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். நாமும் பட்டியலில் இருப்பவர்களும் உள்ளே, மற்றவர்கள் வெளியே."

"பேஷ்! ஒரு ஈ எறும்பு உள்ளே வரக் கூடாது!"

மறுநாள் காலை மருதையன் ராயருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் கத்தி வைக்கப் போனார். மணி அடித்தது.

"மருதையா, நீ பட்டியலில் இல்லை. கிளம்பு" என்றார் கூத்தபிரான்.

"அதுக்கென்ன சாமி" என்று மருதையன் கத்தியை மடக்கி, பையை இடுக்கிக்கொண்டு வெளியேறினார். கதவு விழுந்தது.

ராயர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கன்னம் மாம்பழம். மறு கன்னம் பலாப்பழம்.

ராணி பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் மாலைவரை நிறுத்தவில்லை. நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தது. ஆயிரம் மூட்டை நெல் இருந்தது, குத்த ஆள் இல்லை. ராணியே உலக்கையைப் பிடித்தாள். நாலு குத்துக்கு ஒருமுறை ராயர் முகத்தைப் பார்த்துவிடுவாள். உலக்கை உரலுக்கு வெளியே விழும். கறக்க ஆளில்லாமல் பசுக்கள் கத்தின. இரவு ஊறுகாய். காலையிலும் ஊறுகாய்.

இரண்டாம் நாள் உச்சிவேளைக்கு ராயர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோட்டைக் கதவின் சின்னத் திட்டிவாசலுக்கு ஓடினார். வெளியே மருதையன் மூட்டை முடிச்சோடு நின்றார்.

"டேய் மருதையா, எங்கேடா கிளம்பிட்டே?"

"சீமையை விட்டுத்தான் சாமி. எனக்குக் கூலி களத்துமேட்டில் அளக்கிற நெல்லு. விதைநெல்லு உள்ளே போயிட்டா களம் ஏது, கூலி ஏது?"

"பொற்காசு தர்றேன்டா!"

"செல்லாதுன்னு தண்டோரா போட்டது யாரு சாமி?"

ராயர் திரும்பினார். "ஓய் கூத்தபிரான்! களஞ்சியத்திலிருந்து இவனுக்கு ஒரு மூட்டை எடுத்துக் கொடும்."

"எப்படிப் பிரபு? பட்டியலில் ஒரு மூட்டை குறைந்துவிடுமே. அப்புறம் நான் சீமையை விட்டுப் போக வேண்டும்."

"அப்படியென்றால் நாவிதன் குறைகிறானே, அதற்கு யார் போவது?"

கூத்தபிரான் ஓலையைப் பணிவோடு நீட்டினார். "நான் எழுதித்தான் இருந்தேன். கீறிய கை யாருடையது என்று பிரபுவே பார்க்கலாம்."

ராயர் பார்த்தார். துண்டு நழுவி விழுந்தது. வாசலில் கூடியிருந்த கூட்டம் அந்த முகத்தைப் பார்த்ததும் திண்டாடியது. சிரித்தால் தலை போகும், சிரிக்காவிட்டால் உயிரே போய்விடும். ராணிதான் முதலில் வெடித்தாள். பிறகு ராயரே இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "நிஜத்தைச் சொல்லும் ஓய். களஞ்சியத்தை என்ன செய்யச் சொல்லியிருப்பார் என் அப்பா?"

"எனக்குத் தெரியாது பிரபு. ஆனால் அவர் காலத்தில் அது சந்தை மூலையில்தான் இருந்தது."

ராயர் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"ஒரு படி உப்பு பிரபு. வீட்டுக்காரி முகத்தில் ஒரு வாரமாக விழிக்க முடியவில்லை."

கோட்டைக் கதவு திறந்தது. மருதையன் உள்ளே வந்து கத்தியைப் பிரித்தார். இடது கன்னம் முடியும்வரை ராயர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்ததும், ஊரின் விதைநெல்லைத் தொட வேண்டாம் என்றார்; களஞ்சியத்தைப் பழையபடி சந்தை மூலைக்கே கொண்டுபோகச் சொன்னார்.