பை அறையில் ஒரு வாடை

மலையடிவாரத்தில் ஒற்றைப் பனை மடம் என்று ஒன்று இருந்தது. பனை விழுந்து நாற்பது வருஷம் ஆகியும் பெயர் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்த பதின்மூன்று சாமிகளும் தை பிறந்தால் தோளில் ஆளுக்கொரு கித்தான் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் திரும்பி வந்து மூன்று மாதம் அடைந்து கிடப்பார்கள். சாமிகளுக்குக் கூடம், பைகளுக்குப் பை அறை.

பை அறை கோமதிநாயகத்தின் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது. பஞ்சாலையில் காவலாளியாக இருந்துவிட்டு மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காவல் காத்துப் பழகிய உடம்பு என்பதால், வந்த அன்றைக்கே சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் பத்தொன்பது நாள் விடாத மழை. தீப்பெட்டியைத் திறந்தால் உள்ளே தவளை உட்கார்ந்திருந்தது என்று தாணு சாமி சத்தியம் செய்தார். தாணு சாமியின் சத்தியத்தில் பாதியைத் தள்ளிவிடலாம் என்றாலும், குட்டித் தவளையாவது இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் பை அறையிலிருந்து வாடை கிளம்பியது. முதலில் நனைந்த பாய் மாதிரி இருந்தது. பிறகு நனைந்த நாய் மாதிரி. பதினைந்தாம் நாள் எதைப் போலவும் இல்லாமல் அதுவே தனி ஜாதியாக நின்றது. சுவரில் இருந்த பல்லி குடும்பத்தோடு அடுப்படிக்குக் குடிபோய்விட்டது. புகையே தேவலை என்று நினைத்திருக்கும்.

"என்னவே, உள்ளே எவனையும் கொன்னு போட்டிருக்கீரா?" என்றார் தாணு சாமி, வாசலில் நின்றபடி மூக்கைப் பொத்திக்கொண்டு.

"எலி செத்திருக்கும்."

"எலியா? இந்த வாடைக்கு யானை சாகணும்வே."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. எலி சாகவில்லை என்று அவருக்குத் தெரியும். பதின்மூன்று பைகளில் எதிலும் குற்றமில்லை என்றும் தெரியும். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பை அறைப் பரண் மேல் அவருடைய தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் மூன்று பாலிதீன் உறைகளில் சுற்றிய பச்சைக் கித்தான் பை. அவர் மகள் கனியுடையது. கனி மாவட்டத்துக்குக் கபடி ஆடியவள். தாயில்லாமல் வளர்ந்தவள். இருபத்திரண்டு வயதில் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன புதிதில் கோமதிநாயகம் அந்தப் பையின் ஜிப்பை விரல் அளவுக்கு இழுத்து மூக்கை வைப்பார். வேர்வையும் தேங்காய் எண்ணெயும் ஆடுகளத்து மண்ணும் கலந்து ஒரு வாசனை வரும். பிள்ளை பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். நாலைந்து மாதம் கழித்து அதையும் நிறுத்திவிட்டார். திறக்கத் திறக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோய்விடுமே என்ற பயம். உறைக்கு மேல் உறை போட்டுச் சுற்றினார். பெட்டிக்குப் பூட்டும் போட்டார். பிறகு திறக்கவேயில்லை.

அந்தப் பையை வெளியே எடுத்தால் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் துவைக்கச் சொல்வார்கள். துவைத்தால் கனி முழுசாகப் போய்விடுவாள். அதனால் எலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமிகள் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள், எலி கிடைக்கவில்லை. எலி கிடைக்காவிட்டால் ஆள் கிடைக்க வேண்டும் அல்லவா? வண்ணமுத்து சாமி கிடைத்தார். மடத்திலேயே மூத்தவர், எண்பது இருக்கும். குளிக்கச் சோம்பல்படுவார். பையில் வெற்றிலைக் காம்பும் பழைய முறுக்கும் வைத்திருப்பார்.

"இந்தக் கிழத்தோட பைதான். வேற எது?" என்றார் தாணு சாமி.

கோமதிநாயகத்துக்கு நாக்கு எழுந்தது, பல்லுக்குள் நின்றுவிட்டது.

வண்ணமுத்து சாமியின் பையை மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். கிழவர் தடியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

"உம்மை யாரும் போகச் சொல்லலையே," என்றார் ஒருவர்.

"நாற்பது வருஷமா என் தோளில் கிடந்தது. மாட்டுக்கிட்ட தனியா விட்டுட்டு வர முடியுமா?" என்றார் கிழவர். அங்கேயே வைக்கோலை விரித்துப் படுத்துக்கொண்டார். கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு.

பை போனபின்னும் வாடை போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிழவரைத் திரும்ப அழைக்கவுமில்லை. ஒரு ஆளை வெளியே அனுப்பிய பிறகு அனுப்பியது தப்பு என்று சொல்ல, அனுப்பியதைவிடத் தெம்பு வேண்டும்.

பதினேழாம் நாள் கோமதிநாயகம் மடத்துத் தலைவியைப் பார்க்கப் போனார். முப்பிடாதி அம்மை என்று பெயர். நாற்பதுகூட ஆகவில்லை. மடத்துக்கு வருமுன் லாரிப் படுதா தைத்தவர். சாமிகளின் பைகள் கிழிந்தாலும் இவர்தான் தைத்துக் கொடுப்பார். அன்றும் மடத்துச் சாய்ப்புக் கூரைக்கடியில் உட்கார்ந்து கோணி ஊசியால் ஒரு பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கித்தான் பையை நாள்பட வச்சாலும் வாடை பிடிக்காம இருக்க என்ன வழி?"

முப்பிடாதி அம்மை நிமிரவில்லை. "மூணு வருஷமா நீங்கதான வைக்கீங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"பையை உள்பக்கம் வெளியே திருப்பி உதறுவேன். ஒரு துணுக்குகூட உள்ளே இருக்க விடமாட்டேன். துவைச்சு ரெண்டு நாள் வெயில்ல போடுவேன். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா தையல்ல ஈரம் நிக்கும். அதனால தையலைக் கன்னத்துல வச்சுப் பார்ப்பேன். குளிர்ச்சி தெரிஞ்சா இன்னொரு நாள்."

"பொறவு?"

"மடிக்க மாட்டேன். பாலிதீன்ல போட மாட்டேன். சுவர்ல படாம கயித்துல தொங்கவிடுவேன், வாயைத் திறந்தே. உள்ளே காஞ்ச வேப்பிலை. கீழே சட்டியில அடுப்புக்கரி, ஈரத்தை இழுக்க. வெயில் எட்டிப் பார்த்தா கதவைத் திறந்துவச்சிடுவேன்."

"இதுல எது விட்டுப்போச்சு?"

கோமதிநாயகம் மழையைப் பார்த்தார்.

முப்பிடாதி அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் படுதா தைக்கிற காலத்துல ஒரு லாரி டிரைவர் வந்தான். வாயே இல்லாம ஒரு பை வேணும்னான்."

"வாய் இல்லாமலா?"

"நாலு பக்கமும் அடைச்சுத் தைக்கணும். தையல் மேல மெழுகு பூசணும். வடக்கே பனி விழுற ஊருக்கு ஆப்பிள் லோடு ஏத்தப் போறானாம். அங்க போனா ஊர் ஞாபகம் கொல்லுதாம். அதனால அவன் ஊர்க் குளத்தங்கரையில சாயந்தரம் வீசுற காத்தை அடைச்சு எடுத்துட்டுப் போகணுமாம். நானும் குளத்தங்கரையில போய் உட்கார்ந்து, காத்து உள்ளே போகப் போகத் தைச்சேன்."

"பொறவு?"

"பனியில போய்க் கிழிச்சிருக்கான். கித்தான் வாசனை வந்துச்சாம்."

"ஊர்க் காத்து எங்க போச்சு?"

"அதைத்தான் அவனும் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னொரு பை வேணுமான்னு கேட்டேன்."

"வேணும்னானா?"

"வருஷா வருஷம் வாங்கினான்."

கோமதிநாயகம் எழுந்து வந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதை விடுகிறாரே என்று அவருக்கு எரிச்சல். எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவர் கிளறிப் பார்க்கவில்லை.

இருபதாம் நாள் காலையில் மழை நின்றது. கோமதிநாயகம் கஷாயம் எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். வண்ணமுத்து சாமி பசுவின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

"சாமி, எந்திரிங்க. கூடத்துக்குப் போவோம்."

"வாடை போயிருச்சா?"

கோமதிநாயகம் கஷாயத்தை அவர் வாயருகே நீட்டினார். கிழவர் குடிக்கவில்லை.

"நாறுதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு மூக்கு செத்து இருபது வருஷம். நாத்தமும் தெரியாது, பூவும் தெரியாது." கிழவர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "நீரே மோந்து பாத்துச் சொல்லும். என் பை நெசமாவே நாறுதா?"

கோமதிநாயகம் பையைக் கழற்றி மூக்கில் வைத்தார். வெற்றிலை வாசனை. கொஞ்சம் மாட்டுச் சாணி. வேறு ஒன்றுமில்லை.

கிழவரின் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தபோது கனிக்கும் இப்படித்தான் கொதித்தது என்ற நினைவு வந்தது. அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. பையைத் தன் தோளில் மாட்டினார், கிழவரை இரண்டு கைகளிலும் தூக்கினார். கிழவர் ஒரு பை அளவுக்குத்தான் கனத்தார்.

கூடத்தில் கொண்டுவந்து படுக்கவைத்ததும் தாணு சாமி எழுந்து வந்தார். "என்னவே இது, அந்தப் பையையும்..."

"வாடை இவர் பையில இல்லை. என் பெட்டியில இருக்கு. முதல் நாளே எனக்குத் தெரியும்."

வாயாடி தாணு சாமி குனிந்து கிழவருக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

கோமதிநாயகம் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அடித்தகரம் துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். மழை கழுவிவிட்ட வெயில், கண் கூசியது. முதல் உறையை எலி கடித்திருந்தது. இரண்டாவது உறை கிழிந்திருந்தது. மூன்றாவது உறையின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள் கோத்து நின்றன. பையின் பச்சை நிறம் பாதிதான் இருந்தது, மீதி கறுப்பு. ஜிப் நகரவில்லை. கத்தியால் கிழித்தார்.

இரண்டு காலணிகள், பூசணம் பூத்து. முட்டிக்கு மாட்டும் உறை ஒன்று. ஏழாம் எண் போட்ட பனியன், எண் எங்கே முடிகிறது, கறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல். எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டிய துண்டு.

அவர் பைக்குள் முகத்தைப் புதைத்தார். தேங்காய் எண்ணெயைத் தேடினார். ஆடுகளத்து மண்ணைத் தேடினார். மூச்சு முட்டி இருமும்வரை தேடினார். சாமிகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

முப்பிடாதி அம்மை வந்து எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"இதுல கனி இல்லைம்மா," என்றார் கோமதிநாயகம்.

அம்மை துண்டை எடுத்துப் பிரித்தார். ஓரம் கையோடு வந்தது. நடுப்பகுதி இன்னும் ஈரமாக இருந்தது.

"இது எப்ப நனைஞ்சது?"

"கடைசியா ஆடுன அன்னைக்கு. ஜெயிச்சுட்டு வந்தா. வந்து பையை மூலையில எறிஞ்சா. ஈரத் துண்டை எடுத்துக் காயப் போடு, நாறிப்போகும்னேன். போடுதேன்னா. போடலை. மூணு தடவை சொன்னேன்."

"நாலாவது தடவை?"

"சொல்லலை. அவளோட நான் பேசவேயில்லை. கோவம். அவளே எடுத்துப் போடட்டும்னு விட்டுட்டேன்."

"பொறவு?"

"விடிஞ்சா காய்ச்சல். ஆஸ்பத்திரியில பதினோரு நாள்."

தொழுவத்தில் பசு கத்தியது. கூடத்திலிருந்து கிழவரின் இருமல் கேட்டது, ஓய்ந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தபொறவு நீங்க எடுத்துப் போட்டிருக்கலாமே," என்றார் முப்பிடாதி அம்மை.

"போட்டிருக்கலாம்." அவர் துண்டைப் பார்க்காமல் சொன்னார். "பை முன்னால போய் உட்காருவேன். கையை நீட்டுவேன். நான் எடுத்துட்டா அவ எடுக்க வேண்டியதில்லைன்னு ஆயிருமேம்மா."

அம்மை துண்டை அவர் மடியில் வைத்தார். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வந்து பக்கத்தில் வைத்தார். கோமதிநாயகம் வாளியைப் பார்த்தார். கை மடியிலேயே கிடந்தது.

"நாளைக்குச் செய்யட்டுமா அம்மா?"

முப்பிடாதி அம்மை மேற்கே மலையைப் பார்த்தார்.

"இந்த முற்றத்துல மூணு மணிக்கு மேல வெயில் நிக்காது, கோமதிநாயகம்."