கோபுரத்துக்குப் பின்னால் வெயில்

அரண்மனையில் விளக்கு எரியவில்லை. வெள்ளிக்கிழமை இளவரசிக்குக் கல்யாணம்.

மன்னர் காலத்தில் சோலார் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மன்னர் செண்பகமாறன் அரண்மனையில் இருந்தது. கட்டட மந்திரி விருத்தகிரி போட்டது. கூரை ஓடே வெயிலை வாங்கி மின்சாரம் தரும். பார்க்க அத்தனை அழகு. செலவும் அத்தனை.

சபையில் விகடம் பேசுகிற உலகப்பன் அன்றே சொன்னான். எதிரே நிற்கும் வெற்றிக் கோபுரத்தின் நிழல் கூரையில் விழுகிறது, ஓர் ஓட்டில் நிழல் பட்டால் அந்த வரிசையே படுத்துவிடும், நிழல் விழாத மூலையில் சாதாரண பேனல் மாட்டினால் போதும் என்று. கூரையில் கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கும் என்றார் மந்திரி. மன்னர் சிரித்தார். ஓடு ஏறியது.

இப்போது மந்திரி பிளேட்டைத் திருப்பிப் போட்டார். ஓட்டில் குறையில்லையாம். எரியாது என்று சொன்ன வாய்தான் காரணமாம். உலகப்பனுக்குக் கரிநாக்காம். மன்னர் நம்பிவிட்டார். கல்யாணத்தன்று விளக்கு எரியாவிட்டால் உலகப்பன் நாட்டை விட்டே போக வேண்டும். ஓட்டில் கை வைக்கக் கூடாது. கோபுரத்தை இடிக்கக் கூடாது. ஒரு பேனல்கூட மன்னர் கண்ணில் படக் கூடாது.

உலகப்பன் பெண்டாட்டி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவன் மன்னரை மாடி ஜன்னலுக்கு அழைத்துப் போனான். மந்திரியும் கூடவே வந்தார், வேடிக்கை பார்க்க.

"என்ன தெரிகிறது, மகாராஜா?"

"கோபுரம்."

"அதற்குப் பின்னால்?"

"அதுதான் மறைக்கிறதே."

"பின்னால் இருப்பது மந்திரியார் வீட்டு மொட்டை மாடி. அவர் வீட்டம்மா காலையில் பிழிந்த வடகம் சாயங்காலம் டப்பாவில் இருக்கும். அப்படி வெயில். ஓடு, கூரை இருக்கிற இடத்தில்தான் கிடக்கும். பேனல், வெயில் இருக்கிற இடத்துக்குப் போகும். அங்கே மாட்டி இங்கே ஒயர் இழுத்துவிடுகிறேன்."

மந்திரிக்கு முகம் வெளுத்தது. "என் வீட்டிலா? தினமும் அந்தக் கண்றாவியை நான் பார்க்க வேண்டுமே."

மன்னர் மீசையைத் தடவினார். "என் கண்ணில் படக் கூடாது என்றுதானே சொன்னேன், விருத்தகிரி. உம் கண்ணைப் பற்றி நான் பேசவே இல்லையே." சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அரண்மனை ஜெகஜ்ஜோதியாக இருந்தது. மந்திரி வீட்டில் மட்டும், வடகம் காயப்போட இடமில்லை என்று சண்டை.

இத்தனை வெளிச்சம் யார் வேலை என்று சம்பந்தி கேட்டார். செண்பகமாறன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவன் கழுத்தில் போட்டார்.

"இவன்தான். கரிநாக்கு உலகப்பன்."