குகதாசனின் இரண்டு சோடி ஸ்கீ

“எந்தச் சோடி எண்டு ஒரு சொல் சொல்லு பிள்ளை. ஒரே ஒரு சொல்! அதுக்கு மேலை நான் உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை.”

குகதாசன் கத்திவிட்டார். கத்தாமல் என்ன செய்வார்? பனிக்காலம் தொடங்கின நாளிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தர்மினி பிளாஸ்கைத் திறந்து மூடியில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றினாள். ஊதி ஊதிக் குடித்தாள்.

நானாய் இருந்தால் அந்தப் பிளாஸ்கைப் பறித்து எறிந்திருப்பேன்.

அவள்தான் அவருக்குப் பனியில் சறுக்கி ஓடும் ஸ்கீ பழக்குகிறவள். சுவிஸில் பிறந்த பிள்ளை, அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். மலையில் அவளுக்கு நல்ல பெயர். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு.

இரண்டு சோடி ஸ்கீயும் பாதையோரத்து மஞ்சள் பலகையில் சாய்ந்து நின்றன. ஒரு சோடி சிவப்பு, நல்ல அகலம். மற்றது கறுப்பு, ஒல்லி. கடைக்காரன் இரண்டையும் ஓட்டிப் பார்க்கத் தந்திருந்தான். பின்னேரம் ஒரு சோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“சொல்லன் பிள்ளை!”

“கடையிலை என்ன சொன்னவை, மாமா?”

“கடையோ? அதை ஏன் கேக்கிறாய்!”

ஒருவன் அகலத்தை எடு, புதுப்பனியில் படகு போல மிதக்கும் என்றானாம். அடுத்த கடைக்காரன், ஐயையோ, அகலத்தை எடுத்தால் இறுகின பாதையில் திருப்பேலாது, முழங்கால் போய்விடும், ஒல்லியை எடு என்றானாம். இன்னொருவன் இரண்டுக்கும் நடுவாலே ஒன்றை இழுத்துப் போட்டு, இது மலை முழுக்க எங்கேயும் போகும் என்றானாம். எங்கேயும் போகுமாம்! எதிலும் உருப்படியாய்ப் போகாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான், மாப்பொய்யன். போதாததற்கு யூடியூப்பில் ஒரு தாடிக்காரன், முதலில் உங்களை அறிந்துகொள்ளுங்கள் என்று தொடங்கினானாம். ஸ்கீ வாங்கப் போனவன் தன்னை ஏன் அறியவேண்டும்? கேட்கிறேன்.

“எல்லாரும் என்னைப் பேயன் ஆக்கிறாங்கள். நீயாவது நேராய்ச் சொல்லு.”

தர்மினி மூடியில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தாள்.

அவருக்கு ஏன் இந்த அந்தரம் என்றால், அது மகளால்.

சாருகாவுக்குப் பதினேழு வயது. வீட்டில் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். ஆனால் மலைக்கு ஏற்றும் கம்பிக் கதிரை லிப்டில் ஏறித் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தால் வாய் ஓயாது. யாரோடு கோபம், யாரோடு ராசி, அம்மா ஏசினது, எல்லாம் வரும். அந்தக் கதைக்காகத்தான் இந்த மனுசன் ஐம்பது வயதில் விழுந்தெழும்பி ஸ்கீ பழகினார். இடுப்பு நோவுக்கு எண்ணெய் பூசிப்பூசிப் பழகினார்.

இப்போது அவளுக்கு மெசின் ஓடி இறுக்கின பாதை அலுத்துவிட்டதாம். கம்பு நட்ட எல்லைக்கு வெளியே, ஒருவரும் மிதியாத பனிக்குள் போகிறாள். போன ஞாயிறு இவரும் பின்னால் போய் இடுப்பளவு புதைந்து நின்றார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நாளைக்கு மறுபடியும் ஞாயிறு. “வாறதெண்டால் ஒழுங்கான ஸ்கீயோடை வாங்கோப்பா, இல்லாட்டி நான் தனியப் போறன்” என்று சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு ஆர் ஆர் போறீங்கள்?” தர்மினி கேட்டாள்.

“நானும் மகளும்.”

“வேறை?”

“வேறை ஒருத்தரும் இல்லை. அதை விடு. ஸ்கீயை…”

“ஆர் முன்னாலை?”

“அவள்தான். நான் எப்பிடி முன்னாலை போறது? நான் பின்னாலை.”

“முதுகுப்பையுக்கை என்ன கொண்டு போறீங்கள்?”

“ரொட்டியும் சம்பலும்! ஏன், உனக்கும் வேணுமோ?”

தர்மினி எழும்பினாள். பலகையில் சாய்ந்திருந்த ஸ்கீகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பனியில் குத்தி வைத்தாள். பலகையில் ஒரு மலையும், அதிலிருந்து உடைந்து வரும் பனியும், அதற்குக் கீழே ஒரு ஆளும் கறுப்பில் வரைந்திருந்தது. குகதாசன் அதைப் பார்க்காதவர் இல்லை. ஸ்கீ சாய்க்க வாய்ப்பான பலகை, அவ்வளவுதான்.

அவள் சிவப்புச் சோடியில் ஒரு ஸ்கீயைக் கையில் எடுத்தாள்.

“ஆ! அப்ப அகலம்தான் எண்டு சொல்லுறாய்!” குகதாசனின் முகம் மலர்ந்தது. “நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.”

அவள் தலைமயிரில் போட்டிருந்த றப்பர் பான்டைக் கழற்றி, ஸ்கீ தானாய் ஓடாமல் பிடிக்கும் பிரேக்கை மடக்கிக் கட்டினாள். கம்பெல்லைக்கு வெளியே ஒரு சின்னச் சரிவு. மாடிப்படி அளவுதான் இருக்கும், அதற்குக் கீழே சமதரை. ஸ்கீயின் மூக்கைச் சரிவுக்கு நேரே பிடித்துத் தள்ளிவிட்டாள்.

அது சறுக்கியது. மூக்கு பனிக்குள் இறங்கியது. வாலும் இறங்கியது. பனி மூடிக்கொண்டது.

“எடியேய்! விசரோ உனக்கு? அது கடைக்காரன்ரை சாமான்!”

“தேடுங்கோ, மாமா.”

“நீ எறிஞ்சதை நான் தேடவோ?”

“ஓம். கெதியாய்.”

இதென்ன அநியாயம்! ஸ்கீ கேட்டு வந்த மனுசனின் ஸ்கீயைத் தொலைத்துப்போட்டு அவரையே தேட விடுகிறாள். இதற்குப் பெயர் படிப்பித்தலாம்.

குகதாசன் ஏசிக்கொண்டே இறங்கினார். எந்த இடம் என்று அவருக்கு வடிவாய்த் தெரியும். கண்ணால் பார்த்தவர். ஸ்கீ ஓடப் பிடிக்கும் கைத்தடியால் குத்தினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் குத்தினார். கீழே குத்தினார். முழந்தாளிட்டுக் கையால் வாரினார். மேலே மாவாய் இருந்தது, கீழே போகப்போக இறுகிக் கிடந்தது. வாரித் தோண்டின கிடங்குக்குள் பக்கத்துப் பனி சரிந்து விழுந்து கிடங்கை நிரப்பியது.

கையுறை நனைந்து விரல் விறைத்தது. மூச்சு வாங்கியது.

“பாத்துக்கொண்டு நிக்கிறாய் என்ன? ஒரு சவள் கிவள் இல்லையோ உன்னட்டை?”

தர்மினி தன் முதுகுப்பையைத் திறந்தாள். பனி கிண்டுகிற, மடக்கிய சின்னச் சவள் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“இருக்கு.”

“பின்னைத் தாவன்!”

“இது என்ரை பை, மாமா. உங்கடை பையுக்கை ரொட்டியும் சம்பலும்.”

சொல்லிவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

குகதாசன் கையாலேயே கிண்டினார். கோவத்தில் கிண்டினார். பிறகு கோவப்படவும் மூச்சில்லாமல் கிண்டினார். அந்த இடம் முழுக்கக் கிடங்கும் மேடுமாய் ஆனதுதான் மிச்சம். கடைசியில் நாலு காலில் தவழ்ந்து மேலே ஏறி, பனியில் குந்தினார்.

“இதிலைதான் போனது. என்ரை கண்ணாலை கண்டனான்.”

“ஓம். நானும் கண்டனான்.”

“அப்ப எங்கை?”

“உள்ளுக்குள்ளை எந்தப் பக்கம் போனதெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவள் இப்போது அவருக்கும் ஒரு மூடி பிளேன்ரீ ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“கடைக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? சொல்லு! நல்ல சாமானைத் தூக்கிப் போட்டாய். நல்ல நாளைப் பாழாக்கினாய். கேட்டதுக்கு ஒரு மறுமொழி இல்லை. நீயெல்லாம் ஒரு வாத்தியோ?”

“யோசியாதேங்கோ. சித்திரையிலை ஸ்னோ உருகத் தானாய் வெளியிலை வரும்.”

குகதாசன் துள்ளி எழும்பினார்.

“என்ன பகிடியோ? சித்திரை மட்டும் என்னைக் காத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?”

“ஸ்கீதானே, மாமா. காத்திருக்கலாம்.”

குகதாசன் ஏசத் தலையை நிமிர்த்தினார்.

அவளுக்குப் பின்னால் மஞ்சள் பலகை, ஸ்கீ ஒன்றும் சாயாமல் நின்றது. பனிக்குக் கீழே அந்தக் கறுப்பு ஆள்.

குகதாசன் திரும்பித் தான் கிண்டின இடத்தைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

நனைந்த கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். விறைத்த விரலுக்குப் போன் மசியவில்லை. மறுபடி மகளின் இலக்கத்தை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

“என்னப்பா? எந்தச் சோடி எடுத்தனீங்கள்?”

“பிள்ளை, நீ இப்ப எங்கை நிக்கிறாய்?”

“வீட்டிலைதான். ஏன்?”

“இன்னொருக்கால் சொல்லு” என்றார் குகதாசன்.