செவலைக் கோழி வச்ச கல்லு

ஒரு ஊர்ல ஒரு தோட்டம். ம் கொட்டுடி கண்ணு. ஓட்டுப் போட வெயில்ல நின்னு காலு கடுக்குது, நீ ம் கொட்டலைன்னா நான்தான் முதல்ல தூங்குவேன்.

அங்க ஒரு செவலைக் கோழி, அதுக்கு மூணு குஞ்சு. யாரு எங்க மேயணும், கூண்டை எப்போ சாத்தணும்னு சட்டம் போட வருஷா வருஷம் ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பாங்க. பிடிச்சவங்க முன்னாடி டொக்குன்னு ஒரு கல்லு வைக்கணும். குஞ்சுகளுக்குக் கல்லு கிடையாது.

முதல் வருஷம் செவலை நின்னுச்சு, வாத்து நின்னுச்சு, புறா நின்னுச்சு, பூனையும் நின்னுச்சு. அதது அதது சாதிக்குத்தான் வச்சுது. கோழிக்கு ரெண்டு, வாத்துக்கு மூணு, புறாவுக்கு மூணு, பூனைக்கு நாலு. எண்ணுற ஆமை, "நாலுதான் பெருசு"ன்னுடுச்சு. பூனை போட்ட முதல் சட்டமே, ராத்திரி கூண்டைச் சாத்தக் கூடாது! அன்னைக்கே கீச்சுன்னு ஒரு சத்தம். ஒரு குஞ்சைக் காணோம்.

"ம்..."

ரெண்டாவது வருஷம் செவலை போய்க் கெஞ்சுச்சு. "நாம சேர்ந்து ஒரே ஆளை நிறுத்தலாமே?"

"அப்போ நான் நிக்கறேன்"னுச்சு வாத்து.

"சேத்துல உருளுற நீயா?"ன்னு செவலையே கேட்டுடுச்சு, பாவி. போச்சு. மறுபடியும் பூனை. மறுபடியும் கீச்.

மூணாவது வருஷம் செவலைக்கு அழக்கூடத் தெம்பில்ல. மிச்சம் ஒரே குஞ்சு. ஆமைகிட்ட போய், "அண்ணே, கம்மியா வாங்கினவங்க கல்லை எறிஞ்சுடாதீங்க. அவங்ககிட்ட, உங்க ஆளு இல்லைன்னா அடுத்து யாருன்னு கேளுங்க. பாதிக்கு மேல ஒருத்தருக்குச் சேர்ற வரைக்கும் கேளுங்க"ன்னுச்சு.

பூனை மீசையை நக்கிக்கிட்டே சிரிச்சுது. "தாராளமா கேளுங்க. கோழியாவது, வாத்துக்கு வைக்கறதாவது!"

அப்புறம் டொக், டொக், டொக். முதல்ல தோத்தது யாரு? செவலையேதான். "அடுத்து யாரும்மா?"ன்னுச்சு ஆமை. செவலை, வாத்து கலக்கி வச்ச தண்ணியைப் பாத்துச்சு, குஞ்சைப் பாத்துச்சு. கல்லை அலகுல கவ்வி வாத்து முன்னாடி வச்சுது. கூட இருந்த கோழியும் வச்சுது. வாத்துக்கு அஞ்சாச்சு. இப்போ கம்மி புறாவுக்குத்தான், ஆமை கேட்டதும் அதுங்க கல்லு மூணும் வாத்துக்கே வந்துச்சு. எட்டு!

அன்னைக்கு ராத்திரி கூண்டு டமால்னு சாத்திக்கிச்சு. செவலை குஞ்சை றெக்கைக்குள்ள இழுத்துக்கிட்டு, ஒரு கண்ணை மூடித் தூங்குச்சு.

"ஏன் ஒரு கண்ணு?"

வாத்து நாளைக்கு என்ன சட்டம் போடுமோ, யாரு கண்டா? கல்லு வச்சவ பாத்துக்கிட்டேதான் கிடக்கணும், அலுப்பா இருந்தாலும். உனக்குத்தான் இன்னும் ஓட்டு வரலையே, நீ ரெண்டு கண்ணையும் மூடு. கதையும் கூண்டுக்குள்ள போயாச்சு, தூங்கு.