எள்ளளவு ஒரு கோடு

"கோடு கோடுதானேம்மா? கொஞ்சம் நீளமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன?"

கேட்டவர் வில்வநாதன். முப்பத்து மூன்று வருஷம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி ஜெசிந்தாவிடம். வயது இருபத்தொன்பது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வெளிநாட்டு ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் அந்த ராயப்பேட்டை அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'குரு' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. நாளடைவில் கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

ஜெசிந்தா இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்து ஸ்டேப்ளரால் ஓர் அடி அடித்தாள். அவரிடம் நீட்டினாள்.

"இது சின்னக் கோடு. ரெண்டு சொல்லை ஒட்டி வைக்கும்."

பிறகு எழுந்து வெளியே போனாள். அறைக் கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தினாள்.

"இது பெரிய கோடு. பிரிச்சு வைக்கும்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

வில்வநாதனுக்குச் சுருக்கென்றது.

"என்கிட்ட படிச்சவன் ஒருத்தன் கலெக்டர். ரெண்டு பேர் டாக்டர்" என்றார், சாத்திய கதவிடம்.

அவர் அங்கே பிழை திருத்தும் வேலைக்குச் சம்பளத்துக்காக வரவில்லை. ஓய்வு பெற்ற இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அவரிடம் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. மூன்று மாதத்துக்குத் தற்காலிக வேலை என்று கடிதம் வந்தபோது, 'தற்காலிக' என்ற சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத் தெரு முழுக்கச் சொன்னார். வேலை நிலைக்கவில்லை என்றால் அதே தெரு வழியாகத்தான் நடமாட வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு குழந்தைகள் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஊருக்குள் ஆட்கொல்லிப் புலி புகுந்துவிடும் கதை. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, படம் வரைகிறவருக்கு அனுப்பினார்.

படம் வந்தது. ஓர் ஆள் தலைவாழை இலை போட்டு உட்கார்ந்து புலியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இலை ஓரத்தில் ஊறுகாய்கூட இருந்தது.

"படம் வரையறவனுக்கு மூளை வேண்டாமா?" என்று குதித்தார் வில்வநாதன்.

"மேன் ஈட்டிங் டைகர்னு இருக்கு. மேன் சாப்பிடறார். சரியாத்தானே வரைஞ்சிருக்கார்?" என்றாள் ஜெசிந்தா.

"மேனுக்கும் ஈட்டிங்குக்கும் நடுவுல ஒரு சின்னக் கோடு விட்டுப்போச்சு. அவ்வளவுதானேம்மா! என்ன சொல்ல வர்றோம்னு யாருக்கும் புரியுமே!"

ஜெசிந்தா படத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் புலிகிட்ட சொல்லுங்க சார்."

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம் வந்தது.

"வெள்ளிக்கிழமையோட உங்க ஒப்பந்தம் முடியுது" என்றாள் ஜெசிந்தா. "தொடர விருப்பம்னா எழுதிக் கொடுங்க சார். மறுபடி கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அன்று மாலை வில்வநாதன் எழுத உட்கார்ந்தார். 'ரினியூ' என்று எழுத மனம் வரவில்லை. அது லைசென்ஸ் புதுப்பிக்கிறவர்கள் எழுதும் சொல். தம் தகுதிக்கு ஏற்றதாக வேறொரு சொல்லைத் தாமே கட்டினார். அதைச் சுற்றி நான்கு அலங்கார வாக்கியங்களை நிறுத்தினார். மனைவி விசாலத்தை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினார். வகுப்பறையில் டிக்டேஷன் போட்ட அதே கணீர்க் குரல். அந்தச் சொல் வந்தபோது முதல் பாதியில் ஒரு நிறுத்தம், இரண்டாம் பாதியில் ஓர் அழுத்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தைக் கொடுத்தார். ஜெசிந்தா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மேஜையில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு எல்லோரும் கூடினார்கள். மைசூர்பாகு வந்தது. ஜெசிந்தா அவருக்குப் பொன்னாடை போர்த்தினாள். கைதட்டினார்கள்.

வில்வநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து நிமிஷம் பேசினார். பேச்சில் கலெக்டர் வந்தார், டாக்டர்கள் வந்தார்கள். கூட்டம் கலைந்தது.

"அடையாள அட்டையைக் கொடுத்துடுங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

"புதுசு தர்றீங்களா?"

"எதுக்குப் புதுசு? நீங்கதானே ரிசைன் பண்றேன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"நானா?"

"'ரிசைன் பண்ணுவதில் பெருமை கொள்கிறேன்'னு எழுதியிருக்கீங்க. இங்க யாரும் இதுவரைக்கும் பெருமையா ரிசைன் பண்ணினதில்ல. அதான் பொன்னாடை."

வில்வநாதன் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். சைன் என்றால் கையெழுத்து. முன்னால் ரீ போட்டால் மறுபடியும் கையெழுத்து. அவர் கட்டிய சொல் அது. தாளில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, வேலையை விடுகிறவன் எழுதும் சொல்லாகப் பல்லை இளித்தது.

"ரீ... சைன்! வாய்விட்டுப் படிச்சேனே! விசாலத்தைக் கேட்டுப் பாரு!"

"வாயில இருந்திருக்கும் சார். தாள்ல இல்ல."

"என்ன சொல்ல வந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

ஜெசிந்தா சுவரில் இருந்த புலிப் படத்தைப் பார்த்தாள். அதை யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை.

"மூணு மணிக்குக் கடிதம் மேல்மாடி நிர்வாகத்துக்குப் போகணும்" என்றாள்.

மணி இரண்டு ஐம்பது. சிவப்புப் பேனாவை அவர் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அவருக்குத் தெரு நினைவுக்கு வந்தது. இஸ்திரிக்காரர் என்ன கேட்பார், எதிர்வீட்டுக்காரர் என்ன கேட்பார் என்று வரிசையாக வந்தது. பேனாவை எடுத்தார். முப்பத்து மூன்று வருஷம் தப்பு விடைகளை அடித்துப் பழகிய கை. ரீயையும் சைனையும் பிரித்து நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திட்டீங்க சார்."

மணி இரண்டு ஐம்பத்து நான்கு.

வில்வநாதன் புதுத் தாள் எடுத்தார். நான்கு அலங்கார வாக்கியங்களும் போயின. நேராக விஷயத்துக்கு வந்தார். 'ரீ' எழுதினார். பேனாவைத் தூக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முனையைத் தாளில் வைத்த மாதிரியும் வைக்காத மாதிரியும் எள்ளளவு ஒரு கோடு போட்டார். அதை ஒட்டினாற்போல் 'சைன்' எழுதினார்.

பார்த்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. கலெக்டர் ஞாபகம் வரவில்லை.

ஜெசிந்தா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் தன் சுருக்கொப்பம் இட்டாள்.

"திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடுங்க சார்."

"இந்தப் பொன்னாடை?"

"இப்ப உங்களோடதுதான்."

"சரி, குரு" என்றார் வில்வநாதன்.

பொன்னாடையோடே தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார். விசாலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எதுக்கு இது?"

"ஒரு கோடு போட்டேன்."

"கோடா? எவ்வளவு பெரிசு?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஒண்ணும் தெரியலையே!"

"பக்கத்துல வந்து பாரு" என்றார்.